அடுப்பை அணைச்சாச்சு... தண்ணியை நம்பலாமா?

விடிகாலை ஐந்தரை மணி. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி உறுமிக்கொண்டிருக்கின்றன. சாலைக்கு மேற்கே, திருவொற்றியூரின் ஒடுக்கமான தெருவொன்றில் மெட்ரோ வாட்டர் வந்துவிட்டது. அடிபம்பின் 'கிறீச் கிறீச்'தான் இந்தத் தெருவுக்கு அலாரம். நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெண்மணி குடங்களை நிரப்புகிறார். முதலில் வரும் தண்ணீர் லேசாகப் பழுப்படித்திருக்கிறது. அது நீலக் குடத்துக்கு, பாத்திரம் துலக்க. கொஞ்சம் தெளிந்த பிறகு வருவது பச்சைக் குடத்துக்கு, சமைக்க. குடிப்பதற்கு இந்த இரண்டுமே இல்லை. அதற்கென்று வாசலையொட்டி 20 லிட்டர் கேன் ஒன்று தனி மரியாதையோடு உட்கார்ந்திருக்கிறது.

உள்ளே ஜன்னல் கம்பியில் ஒரு வெள்ளைத் துணி மூட்டை தொங்குகிறது. பச்சைப்பயறு. முளை துணியைக் குத்திக்கொண்டு வெளியே எட்டிப்பார்க்கிறது. வேலைக்குப் போகும் மகளின் டிபன் பாக்ஸுக்கு. இப்போது அவள் மதியம் சோறு எடுப்பதில்லை, சாலட்தான். மூட்டையை அவிழ்த்துப் பயறை அலச வேண்டும். எந்தத் தண்ணீரில்? அம்மா ஒரு நொடி யோசிக்கிறார். கேனைச் சாய்த்து ஒரு சொம்பு ஊற்றி அலசுகிறார். இரண்டாவது சொம்புக்குக் கை தானாகப் பச்சைக் குடத்துக்குப் போகிறது. கேன் தண்ணீர் காசு அல்லவா!

ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை வீட்டுக்கு வீடு இன்று பேசப்படும் 'அடுப்பில்லாச் சமையல்' கடைசியில் வந்து நிற்கும் இடம், அந்த இரண்டாவது சொம்பு.

பாட்டி கையால் வந்தது

பச்சைக் காய்கறி, ஊறவைத்த பருப்பு, முளைப்பயறு, தேங்காய், பழம் என்று சமைக்காமல் சாப்பிடுவதை ஏதோ வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய டயட் என்று நினைத்தால், நம் வீட்டு சாமி அலமாரி சிரிக்கும். ஆடி மாதம் அம்மனுக்கு வைக்கும் மாவிளக்கு என்ன? ஊறவைத்து இடித்த பச்சரிசி மாவும் வெல்லமும் நெய்யும். ஆடிப்பெருக்குக்குக் கலக்கும் காப்பரிசி? ஊறிய அரிசி, வெல்லம், எள், தேங்காய்ப்பல். ராமநவமிக்கு வடபருப்பும் பானகமும். பள்ளிக்கூட வாசலில் மிளகாய்த்தூள் தடவிய கிளிமூக்கு மாங்காய். இவை எதையும் யாரும் அடுப்பில் ஏற்றியதில்லை.

இதையே கொள்கையாக எடுத்துக்கொண்டவர்களும் நம்மிடம் இருந்தார்கள். பொதிகை அடிவாரத்தில், சிவசைலத்தில் நல்வாழ்வு ஆசிரமம் நடத்திய ராமகிருஷ்ணன், தேங்காயும் பழமுமே மனிதனுக்குப் போதும் என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தார். கோவையில் 'படையல்' சிவா 'நோ ஆயில், நோ பாயில்' என்று உணவகமே போட்டார். சென்னை அரும்பாக்கத்தில் 2000-ஆம் ஆண்டிலிருந்து அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியே இயங்குகிறது. காந்தியும் இதில் இறங்கிப் பார்த்தவர். 1893-ல் பிரிட்டோரியாவில் ஒரு முறை, 1929-ல் மறுபடி. இரண்டாவது முறை பத்திரிகையில் உற்சாகமாக எழுதவும் செய்தார். சில மாதங்களில் சீதபேதி வந்து, சோதனையைக் கைவிட்டார். அந்தச் சீதபேதியை இந்தக் கட்டுரை முடியும்வரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீவிர 'ரா ஃபுட்' ஆட்கள் 46, 48 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு படாததுதான் பச்சை உணவு என்று கோடு போடுகிறார்கள். சென்னையில் பதிவான உச்ச வெயில் 2003 மே 31-ல் 45 டிகிரி. அந்தக் கணக்கில், காசிமேட்டு மணலில் காயும் கருவாடும் பச்சை உணவுதான்! ஆனால் காசிமேட்டில் யாரும் அதைச் சுடாமல், வறுக்காமல் வாயில் போட மாட்டார்கள். பொதுவாகவே, கடலிலிருந்து துள்ளத் துள்ள மீன் வந்து இறங்கும் இந்தக் கரையில் பச்சை மீன் தின்னும் பழக்கம் கிடையாது. போட்டில் கடலுக்குப் போகிறவர்கள்கூட அடுப்பையும் கூடவே ஏற்றிக்கொண்டு போய், நடுக்கடலில் குழம்பு வைத்துத்தான் சாப்பிடுகிறார்கள்.

டிபன் பாக்ஸில் என்ன வைக்கலாம்?

இப்போது இந்தப் பக்கம் இது பரவுவதற்குக் காரணம் கொள்கை இல்லை; நேரமும் சர்க்கரையும்தான். ஷிஃப்டுக்கு ஓடுகிறவர்கள், ஏற்றுமதி கம்பெனிக்குத் தையல் வேலைக்குப் போகும் பெண்கள், இருட்டோடு காசிமேட்டு ஏலத்துக்குக் கிளம்பும் மீன்காரம்மாக்கள் என்று யாருக்குமே காலையில் அடுப்படியில் நிற்க நேரமில்லை. வீட்டுக்கு ஒருவருக்காவது சர்க்கரை. சிலிண்டர் விலையும் ஒரு காரணம்: 2022 ஜூலையில் சென்னையில் 1,068 ரூபாய் 50 காசைத் தொட்டது, பிறகு இறங்கி, 2025 ஏப்ரலில் 868 ரூபாய் 50 காசில் நின்றது.

நல்ல செய்தி, இந்தச் சாப்பாடு ருசியாகவே இருக்கும். வடபருப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு கப் பாசிப்பருப்பை முக்கால் மணி நேரம் ஊறவிட்டால் போதும். நகத்தால் அழுத்தினால் பருப்பு இரண்டாக உடைய வேண்டும், மசியக் கூடாது. தண்ணீரை ஒட்ட வடித்து, துருவிய மாங்காய் இரண்டு கரண்டி, தேங்காய்த்துருவல் ஒரு கை, பச்சை மிளகாய், இஞ்சி, கொத்தமல்லி. உப்பை மட்டும் சாப்பிடும்போதுதான் போட வேண்டும். முன்கூட்டிப் போட்டால் மாங்காய் தண்ணீர் விட்டு, மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது சொதசொதவென்று இருக்கும். கடுகு தாளித்தால் மணக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்புறம் அடுப்பு வந்துவிடும், உங்கள் இஷ்டம்.

மாலை நொறுக்குக்கு வேர்க்கடலை. எட்டு மணி நேரம் ஊறிய கடலையோடு பொடியாக அரிந்த வெங்காயம், தக்காளி, எலுமிச்சை, மிளகுத்தூள். பஜ்ஜிக்கடையில் நிற்கும் காலை இது நிறுத்திவிடும் என்று சொன்னால் பொய். ஆனால் வயிறு நிறையும், பசி இரவுவரை தாங்கும். வாழைத்தண்டை வட்டமாக நறுக்கி, நாரை விரலில் சுற்றி எடுத்து, மோரில் போட்டு, பிறகு தயிர்ப் பச்சடியாக்கினால், வெயில் காலத்துக்கு அதைவிடக் குளிர்ச்சி வேறில்லை. குழந்தைகளுக்கு அவல், தேங்காய், வெல்லம், வாழைப்பழம். (அவல் செய்யும்போதே நெல் சூடு பட்டுவிடுகிறது என்று கொள்கைக்காரர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். குழந்தைகள் சுளிப்பதில்லை.)

வடசென்னைக்கே உரிய ஒன்றும் உண்டு: அத்தோ. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த பண்டம். பர்மா பஜாரை ஒட்டிய கடற்கரைத் தெருக்களிலும் வியாசர்பாடியிலும் சாயங்காலமானால் தட்டுத் தட்டாகப் போகும். நூடுல்ஸ் மட்டும்தான் வெந்தது. முட்டைக்கோஸும் வெங்காயமும் பச்சை. புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டெண்ணெய், வறுத்த வெங்காயம் எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். வீட்டில் நூடுல்ஸைக் குறைத்து, கோஸை நூலாக அரிந்து கூட்டிப் பாருங்கள். அந்தக் காரம், அந்தப் புளிப்பு அப்படியே இருக்கும்.

நெருப்பு செய்துகொண்டிருந்த வேலை

இனிதான் விஷயம். சாம்பாராகக் கொதிக்கும்போது கத்தரிக்காயை எந்தத் தண்ணீரில் அலசினோம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கத் தேவையில்லை. தண்ணீரில், காயில், கையில் இருந்த கிருமிகளை எல்லாம் கொதி பார்த்துக்கொள்கிறது. அடுப்பை அணைத்த அந்த நிமிஷமே அந்தப் பொறுப்பு முழுவதும் தண்ணீர் தலையில் விழுகிறது. அந்தப் பொறுப்பைத் தாங்கும் தண்ணீர் வடசென்னையில் எத்தனை வீட்டுக் குழாயில் வருகிறது?

இங்கே குழாய்கள் பழசு. பல தெருக்களில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் ஓடினால், உள்ளே இருக்கும் அழுத்தம் வெளி அழுக்கை அண்டவிடாது. விட்டுவிட்டு வரும்போதுதான் சிக்கல். தண்ணீர் நின்ற நேரத்தில் குழாய் காலி. விரிசல் வழியாகச் சுற்றியிருக்கும் அழுக்கு உள்ளே கசிகிறது. போதாக்குறைக்கு நாமும் குழாயில் மோட்டாரைப் போட்டு உறிஞ்சுகிறோம். தண்ணீரோடு சாக்கடையும் சேர்ந்து வருகிறது. மீஞ்சூரில் 2010-ல் தொடங்கிய கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தருவதற்கென்று கட்டப்பட்டது. அங்கிருந்து சுத்தமாகக் கிளம்பும் தண்ணீர், கடைசித் தெருவுக்கு வரும்போது எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி.

தண்ணீர் நோய்களோடு இந்த ஊருக்கு இருக்கும் உறவு நீண்டது. காலராவுக்கென்றே பெயர்போன தொற்றுநோய் மருத்துவமனை தண்டையார்பேட்டையில் இருக்கிறது. உலகம் அதுவரை கண்டிராத 'ஓ139' என்ற புது காலரா கிருமி 1992-ல் முதலில் தலைகாட்டியதும் நம் சென்னையில்தான். அங்கிருந்து வங்கதேசம்வரை பரவியது. டைஃபாய்டு, மஞ்சள்காமாலை ஏ, இ எல்லாம் இதே வழியில் வருகிறவை. இதில் 'இ' வகைக் காமாலை கர்ப்பிணிகளுக்கு உயிராபத்தாகக்கூட முடியும்.

முட்டைக்கோஸ் விஷயமும் இதுதான். 'கோஸ் சாப்பிட்டால் மூளையில் புழு' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது பாதி உண்மை. புழு கோஸில் பிறப்பதில்லை. மனிதக் கழிவு கலந்த தண்ணீர் பாய்ந்த காயிலும், கழுவாத கையிலும் ஒட்டியிருக்கும் நாடாப்புழு முட்டைதான் காரணம். அது மூளையில் போய்க் கூடு கட்டினால் வலிப்பு வரும். கோஸின் வெளி இலைகள் மூன்று நாலைக் கழித்துவிட்டு, மீதியை இலை இலையாகப் பிரித்துக் கழுவினால் ஆபத்து வெகுவாகக் குறையும். முழுசாக ஒரு முக்கு முக்கி எடுப்பதற்குப் பெயர் கழுவுவது அல்ல. உப்பு மஞ்சள் தண்ணீரில் போட்டால் பூச்சி வெளியே வரும். கிருமி சாகும் என்று நம்பாதீர்கள். ஓடும் நல்ல தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுவதுதான் கழுவல். கடைசி அலசல் காய்ச்சி ஆறிய தண்ணீரில்.

ஆமாம், காய்ச்சிய தண்ணீரில். சமைக்காத சாப்பாட்டுக்கும் வடசென்னையில் அடுப்பைப் பற்றவைக்கத்தான் வேண்டியிருக்கிறது. காஸ் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டவர்கள் இந்த வரியைக் கொஞ்சம் உரக்கப் படிக்கவும். அண்ணா நகரில், அடையாறில் சாலட் என்பது ஒரு விருப்பம். இங்கே அதற்குக் கேன் காசும் காஸ் காசும் தனி. ஆரோக்கிய உணவுக்கு இந்தப் பக்கத்து ஜனங்கள் கூடுதல் வரி கட்டுகிறார்கள் என்பதுதான் என் கட்சி.

---
பெட்டிச் செய்தி: முளைக்கும் பயறு, முளைக்கும் கிருமி

2011-ல் ஜெர்மனியில் ஈ-கோலி கிருமி பரவி, ஏறத்தாழ நாலாயிரம் பேர் படுத்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் பழி போட்டார்கள். கடைசியில் மாட்டியது, எகிப்திலிருந்து வந்த வெந்தயத்தில் கட்டிய முளை. பயறு முளைக்கக் கேட்கும் சூடும் ஈரமும்தான் கிருமியும் கேட்பது. கிருமி விதையிலேயே இருந்தால், முளைத்த பிறகு எவ்வளவு கழுவினாலும் போகாது.

வழி: பயறைக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஊறவையுங்கள், நடுவில் இரண்டு முறை தண்ணீரை மாற்றுங்கள். துணியைக் கொதிநீரில் போட்டு எடுத்த பிறகே கட்டுங்கள். சென்னைச் சூட்டுக்கு அரை நாளில் முளை வந்துவிடும், வந்ததும் ஃபிரிட்ஜுக்கு. வழவழப்போ புளிப்பு வாடையோ இருந்தால் கொட்டிவிடுங்கள். சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், கீமோ எடுப்பவர்களுக்கு முளைப்பயறை ஆவியில் வேகவைத்தே கொடுங்கள்.
---

ஐஸ் எந்த ஐஸ்?

திருவொற்றியூரில் கடலோரம் பட்டினத்தார் அடங்கிய இடம் இருக்கிறது. அவர் கையில் எப்போதும் கரும்பு. ஊருக்குள் கரும்புச்சாறு வண்டிகளுக்கும் பஞ்சமில்லை. கரும்பு பச்சை, சாறு பச்சை, எலுமிச்சையும் இஞ்சியும் பச்சை. எல்லாம் சரி, மேலே மிதக்கும் ஐஸ்? மீன்பிடித் துறைமுகத்தைச் சுற்றி மீனுக்கான ஐஸ் கட்டிகள் செய்கிறார்கள். அது மீனுக்கு, குடிக்கத் தகுந்த தண்ணீரில் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டும் கலந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான், சாப்பிடக் கூடாத ஐஸில் நீலச் சாயம் கலக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் உத்தரவு போட்டது. நீல ஐஸைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஜூஸ் கடையில் கட்டி ஐஸைச் சாக்கில் சுற்றி உடைத்தால், 'ஐஸ் வேண்டாம்ணா' என்று சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு மூன்று எலுமிச்சையை வாங்கிக்கொண்டு போவது உத்தமம்.

ஷவர்மாவோடு வரும் மயோனைஸும் பச்சை உணவுதான், பச்சை முட்டையில் அடிப்பது. 2025 ஏப்ரல் 8 முதல் பச்சை முட்டை மயோனைஸைத் தமிழக அரசு ஓராண்டுக்குத் தடை செய்தது இதனால்தான். வீட்டில் கெட்டித்தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, பூண்டும் மிளகும் தட்டிப்போட்டால் சாலட்டுக்கு அதுவே போதும்.

சாம்பல் படிந்த கீரை

கிருமியைக் கொதி கொல்லும். ஈயத்தைக் கொல்லுமா? எண்ணூரில் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. நாட்டிலேயே மிக மோசமாக மாசுபட்டவை என்று 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பட்டியலிட்ட 43 தொழிற்பகுதிகளில் மணலியும் ஒன்று. அனல்மின் நிலையச் சாம்பல் குழாய் உடைந்து கொசஸ்தலையாற்றில் கலப்பதும், செப்பாக்கத்துச் சாம்பல் குளத்திலிருந்து தூசி கிளம்புவதும் இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் புதிதல்ல.

மொட்டை மாடியில் தொட்டி வைத்துக் கீரை போடும் ஆசை இப்போது எண்ணூரிலும் வந்திருக்கிறது. நல்ல ஆசை. இலை மேல் படியும் தூசி தேய்த்துக் கழுவினால் போகும். மண்ணிலிருந்து வேர் உறிஞ்சியது கழுவினாலும் போகாது, கொதித்தாலும் போகாது. அதனால் ஆற்றோர மண்ணையோ, கம்பெனி ஓரத்து மண்ணையோ தொட்டியில் போடாதீர்கள். வெளியிலிருந்து வந்த மண்ணும் தென்னை நார்க்கழிவும் மேல். புதினாவை அப்படியே பறித்து வாயில் போடும் சுகத்தை இங்கே கொஞ்சம் தள்ளி வைக்கத்தான் வேண்டும்.

அடுப்பு முழுகிய நாட்கள்

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு, மணலிப் பக்கமிருந்து கச்சா எண்ணெய்க் கசிவும் சேர்ந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக வந்தது. எர்ணாவூர் வீடுகளில் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புக் கோடு. அரிசி மூட்டையில் எண்ணெய், அடுப்பில் எண்ணெய், குடத்தில் எண்ணெய். அந்த நாட்களில் இந்த ஜனங்களும் சமைக்காத சாப்பாடுதான் சாப்பிட்டார்கள்: பிரெட், பிஸ்கட், பழம். அதற்கு யாரும் டயட் என்று பேர் வைக்கவில்லை. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு, பெரியகுப்பத்தில் கடலுக்கடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மூச்சு முட்டித் தெருத்தெருவாக ஓடினார்கள்.

ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் இங்கே ஒரு டப்பா தயாராக இருப்பது நல்லது: வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, வெல்லம், பேரீச்சை, அவல். கூடவே குளோரின் மாத்திரை. வெள்ளம் தொட்ட காய்கறியைப் பச்சையாகச் சாப்பிடவே கூடாது. எண்ணெய் தொட்டதைச் சமைத்தும் சாப்பிடக் கூடாது.

---
பெட்டிச் செய்தி: பச்சையாகத் தொடாதீர்கள்

மரவள்ளிக்கிழங்கு: பச்சையில் சயனைடு விடும்.
ராஜ்மா: ஊறினாலும் முளைத்தாலும் நஞ்சு போகாது, நன்றாகக் கொதித்தே ஆக வேண்டும்.
கசக்கும் சுரைக்காய்: சாறு குடித்து உயிரிழந்தவர்கள் உண்டு. சாறு பிழிவதற்கு முன் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழு. கசந்தால் குப்பைக்கு.
பச்சை மட்டி, சிப்பி: முகத்துவாரத்துத் தண்ணீரை வடிகட்டி வாழ்பவை, தண்ணீரில் இருப்பதெல்லாம் அதற்குள்ளும் இருக்கும்.
---

மூன்று வேளையுமா?

ஒரு வேளை பச்சை என்றால் லாபம். வைட்டமின் சி-யும் ஃபோலேட்டும் கொதியில் நிறைய வீணாகும். பச்சையில் முழுசாகக் கிடைக்கும். ஆனால் கேரட்டின் பீட்டா கரோட்டினும் தக்காளியின் லைக்கோபீனும் வெந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். பாட்டி ரசத்தில் தக்காளியைக் கரைத்தது வீண் போகவில்லை.

மூன்று வேளையும் பச்சை என்று இறங்கினால் நஷ்டக் கணக்கு தொடங்குகிறது. ஜெர்மனியில் நீண்ட காலம் பச்சை உணவே சாப்பிட்டவர்களிடம் நடத்தி 1999-ல் வெளியான ஆய்வில், 45 வயதுக்குட்பட்ட பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தது அல்லது நின்றே போயிருந்தது. எடை அந்த அளவுக்குச் சரிந்திருந்தது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. காசிமேட்டில் மீன் விற்கும் ஊரில் மீனை விட்டுவிட்டு இலையை மட்டும் மெல்ல வேண்டிய அவசியம் எந்தப் பெண்ணுக்கும் இல்லை. பி12 வைட்டமின் எந்தப் பச்சை இலையிலும் கிடையாது. மீனில், முட்டையில், பாலில் இருக்கிறது. சாலட்டில் எலுமிச்சை பிழியுங்கள், இரும்புச்சத்து சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது கெட்டது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீர், பச்சைக் காய்ச் சாறு பக்கம் டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது.

ஆக, மதியம் ஒரு கிண்ணம், சாயங்காலம் ஒரு கைப்பிடி. இரவு சூடாக ரசம் சோறு, இரண்டு துண்டு மீன். வடசென்னைக் குடும்பத்துக்கு இதுதான் சரிப்படும்.

உங்கள் குழாயில் தண்ணீர் நிறம் மாறி வந்தாலோ, சாக்கடை வாடை அடித்தாலோ, கேன் வாங்கிச் சமாளித்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். சென்னைக் குடிநீர் வாரியத்தின் 044-4567 4567 எண்ணில் கூப்பிட்டுப் புகார் சொல்லுங்கள். தெருவில் நாலு வீடு சேர்ந்து சொன்னால் இன்னும் நல்லது. புகார் எண்ணை மறக்காமல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது சரியாகும்வரை சாலட் வேண்டாம், அடுப்பைப் பற்றவையுங்கள்.